வலப்பக்கம் தைத்த புத்தகம்

1

அன்று பிழைதிருத்தும் அறையில் ஐந்து பேர் இருந்தோம்: நான், அச்சகத்தை நடத்தும் என் தம்பி, அவன் மகள், என் தங்கை, இருபது ஆண்டுகளாக எங்களிடம் புத்தகம் தைக்கும் பைண்டர். வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

இந்தக் கதை எதனால் எழுதப்படுகிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது. மூட முடியாத வாய்க்குத் திருத்தமாவது போடலாம் என்று உட்கார்ந்தேன். நாற்பத்தொரு ஆண்டுகள் பிறர் வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறேன். சொந்தமாக எழுதுவது இதுவே முதல் முறை. அடித்தது, விட்டது எல்லாம் உங்கள் கண்ணில் படும். திருத்தக் கொடுத்த மெய்ப்புத் தாள் என்றால் அப்படித்தான் இருக்கும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'எங்கள் குடும்பம் மானத்துக்குப் பேர்போனது.' (உண்மை. ஆனால் தன் வாயால் சொன்னால் விளம்பரம்.)

'காதல் என்பது—' (எனக்குப் பழக்கமில்லாத பொருள்.)

'தம்பி மகள் ஒரு புத்தகம் வரைந்தாள்.' (இது நிற்கும்.)

தம்பி மகளுக்கு இருபத்தாறு வயது. அச்சகத்துக்கு அட்டைப்படம் போடுபவள். அவளைச் சித்திரம் என்றே கூப்பிடுவோம். மூன்று ஆண்டுகளாக அவள் வரைந்தது ஜப்பானியர் பாணிப் படக்கதை; மங்கா என்கிறார்கள். அறுபத்து நான்கு பக்கம். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பெண்களைப் பற்றியது. பேச்சு மிகக் குறைவு.

எங்கள் அச்சகத்தில் அப்பா காலத்திலிருந்து ஒரு நடைமுறை உண்டு. வீட்டில் மூத்தவர் 'அச்சிடலாம்' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் நேரமும் போடாமல் இயந்திரம் ஓடாது. அதுவரை போட்ட கையெழுத்து ஒருமுறைகூடத் திரும்பப் பெறப்பட்டதில்லை.

சித்திரம் தாள்கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "படிச்சுட்டுச் சொல்லுங்க பெரியப்பா. நம்ம அச்சகத்துப் பேரோட வரணும். இல்லேன்னா வேற எங்கயும் குடுக்க மாட்டேன்."

தலைப்புப் பக்கம் இன்னும் ஆகவில்லை. பக்க எண்களும் இல்லை. பக்க எண் இல்லாத தாள் எனக்குப் பொறுக்காது. சிவப்புப் பென்சிலை எடுத்து, எல்லாப் புத்தகத்தையும் போல இடப்பக்கத்திலிருந்து புரட்டி, ஒன்றிலிருந்து அறுபத்து நான்கு வரை நானே போட்டேன்.

3

நான் படித்த கதை இது.

முதல் பக்கத்தில் இரண்டு பெண்களும் பேருந்து நிறுத்தத்தில் கைகோத்து நிற்கிறார்கள். ஒருத்தி மற்றவளிடம், 'எனக்கு உன்னைத்தான் பிடிக்கும்' என்கிறாள். நான் பேனாவை மூடிவிட்டேன். பாதியில் நிறுத்துவது தொழிலுக்கு அழகல்ல என்பதால் மேலே படித்தேன். நல்லவேளை, பக்கம் செல்லச் செல்ல இருவருக்கும் இடையே தூரம் கூடியது. நடுவில் கைக்கடிகாரங்களைக் கழற்றி அவரவருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொள்கிறார்கள். பிறகு வேறு வேறு பெஞ்சு. கடைசிப் பக்கத்தில் ஒருத்தி பையோடு வகுப்பறை வாசலில் நிற்கிறாள். மற்றவள் நோட்டிலிருந்து தலை தூக்கி, யாரோ என்பதுபோல் பார்க்கிறாள். பள்ளி மாறிப் போகிறாள் என்று கொண்டேன்.

முறையான முடிவு. கையெழுத்துப் போட்டேன். கண்டிப்பான கதை, பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று தம்பியிடம் சொன்னேன். காகிதக் கடைக்காரரிடமும் சொன்னேன். (அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

4

இந்தப் பகுதியில் என் தங்கையின் பள்ளிக்காலம் வர வேண்டும். அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். அப்பா இறந்த வருடம் அது. வீட்டுக்கு நான் பொறுப்பு. நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். தங்கையை வேறு பள்ளிக்கு மாற்றினேன். அந்தத் தோழி ஒருநாள் எங்கள் வாசலுக்கு வந்து கேட்டபோது, உள்ளே இருந்த தங்கையை வீட்டில் இல்லை என்று—

(முடிக்காத வாக்கியம் பிழை. தெரியும். இருக்கட்டும்.)

5

பைண்டர் மாதிரிப் பிரதி தைக்க ஊசி நூலோடு வந்து நின்றார். "ஐயா, பாப்பா வலது பக்கம் தைக்கச் சொல்லுது. உங்க நம்பர் இடது பக்கத்துலேர்ந்து போகுது. நான் யார் பேச்சைக் கேட்கட்டும்?"

என் தங்கை தாள்கட்டை வாங்கிக் குப்புறப் புரட்டி வைத்தாள். அவள் எங்கள் இரண்டாவது பிழைதிருத்துநர். நான் தவறவிடுவதைப் பிடிப்பது அவள் வேலை.

"இதை அந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கணும் அண்ணா. ஜப்பான்ல அப்படித்தான். அவ போற பொண்ணு இல்ல, வர்ற பொண்ணு."

தம்பி ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்: "ஆயுசு பூரா அடுத்தவன் கமாவைத் தேடுன மனுஷன், புத்தகத்துக்கு முன்னால எது பின்னால எதுன்னு பார்க்கலை. ஆனா கையெழுத்து போட்டாச்சு. மெஷினை ஓட்டிட வேண்டியதுதான்."

அவன் சொன்னது நியாயம். நடைமுறைப்படி அந்தப் புத்தகம் என் கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் சித்திரம் மறுப்பாகத் தலையாட்டினாள்.

"வேணாம்ப்பா. அது வேற கதைக்குப் போட்ட கையெழுத்து. எனக்கு அது வேணாம்."

(இந்த இடத்தில் அவள் மீது எனக்கு மரியாதை வந்தது என்று எழுதி அடித்தேன். பாத்திரத்துக்கு ஆசிரியர் பரிந்து பேசக் கூடாது. பிறகு அடித்ததை மீட்டேன்.)

உட்கார்ந்து வலப்பக்கத்திலிருந்து படித்தேன். நால்வரும் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒரு புதுப்பெண் பையோடு வகுப்புக்கு வருகிறாள். பெஞ்சுகள் நெருங்குகின்றன. என் கணக்கில் நாற்பத்தொன்றாம் பக்கம், அவள் கணக்கில் இருபத்து நான்கு: கைக்கடிகாரங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மாற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டு கடிகாரங்களையும் பெரிதாக வரைந்திருந்தாள். ஒன்று மற்றதைவிட ஏழு நிமிடம் முந்தி ஓடியது.

என் தங்கையின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தும். அவள் நேரம் சொன்னால் ஏழைக் கழித்துக்கொள்வது எங்கள் அச்சகத்தில் எல்லோருக்கும் பழக்கம். அசட்டை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கலாமே" என்றேன்.

"என்னோடது இல்லண்ணா. அதான் கை வைக்கலை."

அவ்வளவுதான் பேசினோம். பிறகு பேருந்து நிறுத்தம் வரை படித்து முடித்தேன்.

6

முடிவுக்கு வந்திருக்கிறேன்.

ஒரு முடிவில் கட்டைக் கிழித்து எறிகிறேன். நாலு பேர் மெச்சுவார்கள். அந்த நாலு பேர் பேச்சை ஒருமுறை கேட்டாகிவிட்டது. இன்னொன்றில் அண்ணனும் தங்கையும் அழுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. மூன்றாவதில், அந்தத் தோழி எங்கிருந்தோ வந்து ஒரு பிரதி வாங்குகிறாள். அவள் எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்பதே எனக்குத் தெரியாது. அந்த முடிவு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் பிழை திருத்தித் தருகிறேன்.

கண் மங்கிய கிழவர் முன்பின் தெரியாமல் கையெழுத்துப் போட்டார், கௌரவத்துக்குப் பயந்து அதைத் திரும்பப் பெறவில்லை, அதனால்தான் அந்தப் புத்தகம் வெளிவந்தது என்று ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. அந்தக் கையெழுத்தை அன்றே என் கையால் அடித்தேன். எங்கள் அச்சகத்தில் திரும்பப் பெறப்பட்ட ஒரே கையெழுத்து அதுதான். புத்தகம் ஓடியது இரண்டாவது கையெழுத்தில். அது நான் அறுபத்து நான்கு என்று எண் போட்ட தாளில், அதாவது முதல் பக்கத்தில் இருக்கிறது. அதில் எழுதியுள்ள நேரம் சுவர்க் கடிகாரத்தைவிட ஏழு நிமிடம் கூடுதல். அது பிழையல்ல.