ஒரே அளவுச் சப்பாத்து

றஜிதா கொம்பியூட்டர் திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒன்றில் அவளுடைய அப்பா அமிர்தநாதர், கனடாவில் வெக்ஸ்போர்ட் வீட்டு வாசலில் குளிர் ஜக்கெற்றோடு. மற்றதில் பெரியப்பா சந்தியோகு, மன்னார் பேசாலைக் கடற்கரையில் சாரத்தோடு. ஒரே மூக்கு, ஒரே முன்வழுக்கை, ஒரே அசட்டுச் சிரிப்பு. இரட்டைப் பிள்ளைகள். கால் மணித்தியாலம் முந்திப் பிறந்ததை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வயதுவரை தம்பியைக் கொண்டு தன்னை ‘அண்ணை’ என்று கூப்பிட வைத்தவர் சந்தியோகு.

“திங்கட்கிழமை பிறசென்ரேஷன், அப்பா. ஒருக்காச் சொல்லிப் பாக்கட்டே?”

அமிர்தநாதர் தலையாட்டினார். ஆனால் மேசையில் கிடந்த ஃபோனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணனை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று விடியவே செய்தி வந்திருந்தது. உடைந்த சங்கு உள்ளங்காலில் வெட்டிய புண். தாய்வழியில் இருவருக்கும் வந்த சீனி வருத்தம் அதை ஆறவிடவில்லை. விரலை எடுத்தால் போதுமா, முழங்காலுக்குக் கீழே முழுவதையும் எடுக்க வேண்டுமா என்பது வெட்டிப் பார்த்த பிறகுதான் தெரியுமாம். கொழும்புக்குக் கொண்டுபோங்கோ என்று கத்திப் பார்த்தார். காசு அனுப்பினார். அந்தோனியாருக்கு நேர்ந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர. மகளுடைய சத்தமாவது காதில் விழட்டும் என்று இருந்தார்.

“சில நாடுகள் ஏன் பணக்கார நாடு, சில நாடுகள் ஏன் ஏழை நாடு? பரம்பரை எண்டு சில பேர் சொல்லுகினம். முன்னோர் எங்கயிருந்து வந்தவை, என்ன பழக்கத்தைக் கொண்டுவந்தவை எண்டது. வேற ஆக்கள் ஜியோகிரஃபி எண்டு சொல்லுகினம். வெயில், நுளம்புக்கடி, மண். சட்டதிட்டம், கவர்ண்மென்ற் எண்டும் ஒரு கட்சி இருக்கு.” அவள் படங்களைச் சுட்டினாள். “இவை ட்வின்ஸ். ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே டிஎன்ஏ. ஸோ, பரம்பரையைக் கழிச்சாச்சு. மிச்சம் இடம் மட்டும்தான். கிளியரா இருக்கே, அப்பா?”

“ஓம் பிள்ளை.”

இதைக் கண்டுபிடிக்க யூனிவேர்சிற்றிக்குப் போகவேண்டுமா என்று ஒரு கணம் எரிச்சல் வந்தது. பிறகு பாவம், பிள்ளை என்ன செய்யும் என்று நினைத்தார். சண்டைக் காலத்தில் ஒருவனையாவது வெளியே அனுப்புவோம் என்று அவர்களைப் பெற்ற அப்பு தீர்மானித்தபோது யாரை என்ற கேள்வியே எழவில்லை. சந்தியோகு கெட்டிக்காரன், நீரோட்டம் பார்த்து வலை விடுவான். அவன் இல்லாவிட்டால் வள்ளம் கரையில்தான் கிடக்கும். அமிர்தநாதர் வள்ளத்தில் ஏறினாலே சத்தி எடுப்பவர். ஆகவே உதவாதவனைக் கனடாவுக்கு அனுப்பினார்கள். கடல் ஒத்துவராத அந்த மனிதருக்கு ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிற வேலை கிடைத்தது. பிடிக்கிறவனைவிட வெட்டுகிறவன் நல்லாய் இருந்தான். இதில் தன்னுடைய சாமர்த்தியம் என்று ஏதாவது உண்டா என்று தேடிப்பார்த்தால் அவருக்கு ஒன்றும் அகப்படுவதில்லை.

இங்கே கால் பார்ப்பதற்கென்றே ஒரு நர்ஸ் இருக்கிறாள். நைலோன் நூல் ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பாள். ஒரு நாள் அவருக்குத் தெரியவில்லை. உடனே தடித்த அடியும் மெத்தென்ற உள்ளும் வைத்த சப்பாத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைப் போட்டு நடந்த அன்றே அண்ணன் ஞாபகம் வந்தது. அதே கால், அதே அளவு. இன்னொரு சோடி வாங்கி, தை மாதம் ஊருக்குப் போன கூட்டாளி லெஸ்லியிடம் கொடுத்துவிட்டார். “கிடைச்சுது, நல்ல வடிவு” என்று அண்ணன் சொன்னபோது மனதில் இருந்த பாரமே இறங்கிவிட்டது.

ஃபோன் அடித்தது. வீடியோவில் சந்தியோகுவின் மகள் மக்டலீன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“சித்தப்பா, முழங்காலுக்குக் கீழ எடுத்துப்போட்டினம். இடது கால். அப்பா முழிப்பாத்தான் இருக்கிறார், கதையுங்கோ.”

திரையில் தன்னுடைய முகமே தலையணையில் கிடப்பதைப் பார்த்தார் அமிர்தநாதர். வாயில் வந்ததோ வேறு.

“அண்ணை, நான் அனுப்பின சப்பாத்து? அதைப் போட்டிருந்தா சங்கு வெட்டியிராதே.”

“உந்த நல்ல சப்பாத்தை ஆரும் கடற்கரைக்குப் போடுவினமே, விசரா? மடு மாதா திருநாளுக்கு எண்டு அலுமாரியில வச்சிருக்கிறன்.”

அவரால் கோபிக்க முடியவில்லை. அந்த வீட்டில் எந்தப் புதுப் பொருளும் மாதாவுக்கு முன்னால்தான் முதலில் உடம்பில் ஏறும். இங்கே அவருடைய அலுமாரியிலும் புதுச் சேட்டு ஒன்று மடிப்புக் குலையாமல் ஈஸ்டருக்காகக் கிடக்கிறது. மனைவி பேர்ணடெற் எத்தனை தரம் சொல்லியும் எடுத்துப் போடவில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு, இது நல்ல சப்பாத்து இல்லை, காலுக்கு மருந்து, இண்டைக்கே போடு என்று அண்ணனிடம் சொல்லவேண்டும் என்பது தோன்றாமல் போய்விட்டது. அண்ணன் அதை எடுத்து வைத்துவிடுவார் என்பது மற்ற யாருக்குமே தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

“அழாத அமிர்து,” என்றார் சந்தியோகு. மருந்து மயக்கத்தில் சொற்கள் இழுபட்டன. “திருநாளுக்கு வலதைப் போடுவன். இடதை ஆரும் வாற ஆக்களிட்டக் குடுத்துவிடுறன். புதுசு, அடிகூட நிலத்தில படேல்லை. உனக்கு எப்பவும் இடதுதானே முதல்ல தேயிறது.”

“ஓம் அண்ணை” என்றார்.

லைன் அறுந்தது. றஜிதா கொம்பியூட்டரை மூடக் கை நீட்டினாள். “இரு பிள்ளை” என்று அவர் தடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார். பேசாலைப் படத்தில் அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். கீழே, அலை வந்து திரும்பிய ஈர மணலில், இடது கால் கணுக்கால் வரை புதைந்திருந்தது.