பி பக்கத்தின் கடைசி இரண்டரை நிமிடம்

நாளைக்கு என்று எங்கள் பாடகன் கிளிஃபர்டின் குரல் இழுக்க, டேப் தீர்ந்து, பொத்தான் டக்கென்று மேலே துள்ளிய அந்தக் கணத்தில்தான் தமிழ் இசையின் வரலாறு இரண்டாகப் பிளந்தது, பிளந்த சத்தத்தை நேரில் கேட்டவர்கள் நான்கு பேர், அதில் எங்கள் டிரம்மர் தேவசகாயம் பரோட்டா பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தான், அவன் கேட்டானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பொன்மலையில் எண்பத்து நாலு, அல்லது ஐந்து, நூர்தீன் பாயின் காசெட் கடைக்குள் வெயில் கால்நீட்டிப் படுத்திருக்கிறது, ரயில்வே பணிமனை ஷிஃப்ட் முடிந்து கிரீஸ் கையோடு நிற்கிறோம், இது போஸ்ட் பங்க் என்கிறான் கிளிஃபர்ட், மெல்போர்னிலிருந்து அவன் அக்கா அனுப்பிய ஒரே ஒரு காசெட்டைக் கேட்டுவிட்டு, பங்க்னு வெள்ளக்காரப் பசங்க கத்தின பாட்டு முடிஞ்சுபோச்சு மேன், இது அதுக்கப்புறம் வர்றது, பங்க் எங்கள் ஊருக்கு வரவே இல்லை, வராத ஒன்று முடிந்துபோனதற்காக மூவரும் ஒரு மாதம் கறுப்புச் சட்டை போட்டோம், எப்பப்பா மலைக்குப் போற என்று கேட்டார் பணிமனையில் எங்களை மேய்க்கும் சார்ஜ்மேன்.

குழுவுக்குத் துரு என்று பெயர், பாட்டு ஒன்றே ஒன்று, முழுசாக நாலு நிமிடம், ரேஷன் கடைக்காரர் சொன்னதை அப்படியே பாடுவான் கிளிஃபர்ட், மண்ணெண்ண வரல, மண்ணெண்ண வரல, நாளைக்கு வா, தேவசகாயத்தின் அடி தண்டவாளத்தில் சுத்தியல் விழுவதுபோல விழும், நான் பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பேன், பொறு மேன், நீ வராம இருக்கறதுதான் அழகு, ஜனங்க உனக்காக ஏங்கணும் என்பான் கிளிஃபர்ட், நானும் பொறுப்பேன், இத யாரு தம்பி கேப்பா என்று தலையில் கைவைத்த பாய்தான் வழியும் சொன்னார், ஆளுங்க பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுக்குறாங்க, காசெட்டுல பதிஞ்சு குடுக்குறேன், பி பக்கத்துல கடைசியில கொஞ்சம் மிஞ்சும், காலியா விட்டா சண்டைக்கு வர்றாங்க, மூணு நிமிஷம் மிஞ்சினா இன்னொரு சினிமாப் பாட்டு, அதுக்குக் கம்மின்னா உங்களுது. அப்படித்தான் வீடு வீடாக நுழைந்தோம், பேரில்லாமல், முருகன் பாட்டுக்கும் காதல் டூயட்டுக்கும் பின்னால், அரியமங்கலத்தில், திருவெறும்பூரில், கனவில் இப்போதும் எல்லா வீட்டுப் பொத்தான்களும் ஒரே நேரத்தில் துள்ளுகின்றன, டக் டக் டக், கைதட்டல் மாதிரி.

கிளிஃபர்ட் மெல்போர்ன் போனான், தேவசகாயம் சர்ச் பாட்டுக் குழுவில் இன்னும் அதே அடியைத்தான் அடிக்கிறான், எனக்கு இது தெரியும் என்று ஒரே ஒருவர் சொல்லமாட்டாரா என்று நாற்பது வருடமாகக் கல்யாணப் பந்திகளில் எங்கள் பாட்டை முணுமுணுக்கிறேன், ரசம் வேணுமா என்பார் பக்கத்து இலைக்காரர். இன்று வங்கியில், உயிரோடிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வந்திருக்கிறேன், பென்ஷன்காரர்கள்மேல் வருடத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரும், கவுண்டரில் மங்கையர்க்கரசி என்று பலகை, என் தாளைப் புரட்டியபடி அந்தப் பெண் முனகுகிறாள், மண்ணெண்ண வரல, மண்ணெண்ண வரல, நாளைக்கு, டக்கென்று என் தாளில் முத்திரை விழுகிறது. இது என்ன பாட்டும்மா என்கிறேன், அதுவா சார், எங்கப்பா காசெட்டுல கடைசியில வரும், யாரு பாடினதுன்னே தெரியாது, இதக் கேக்காம நாங்க யாரும் தூங்கமாட்டோம், முடிவப் பாருங்க சார், நாளைக்கு, டக், வேற எவனுக்கு வரும் அப்படி ஒரு முடிவு, நான் கவுண்டருக்குள் தலையை நீட்டுகிறேன், அதுல பேஸ் கிடார் நான்தாம்மா, அய்யோ சார் நெசமாவா, எழுந்தே நின்றுவிட்டாள், வரிசையே எட்டிப் பார்க்கிறது, பாட்டுல எந்த எடத்துல சார் நீங்க வருவீங்க.

மூன்றே கால் நிமிடத்துக்கு அப்புறம்.