மூட்டைக்கு அடியில் இரண்டு கைகள்

முதல் அடி வலது காதில் விழுந்தது. மூட்டை தூக்குகிற தாணு இடக்கைக்காரன். அடிக்கிறவனின் கை கிளம்புவதற்கு முன்னால் அவன் தோள் சற்று இறங்கும். அதைப் பார்த்து அரையடி பின்வாங்கினால் அடி காற்றில் போய்விடும். அடித்தவன் தன் வேகத்திலேயே முன்னால் சாய்வான்; அப்போது விலாவில் முழங்கையை இறக்கினால் போதும். இதெல்லாம் தாசையனின் உடம்புக்கு யோசிக்காமலே தெரியும். தோள் இறங்கியதைப் பார்த்தான். நகரவில்லை. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்திருந்தான். விட்டால் அவை தாமாகவே போய்விடும் என்று பயமாக இருந்தது.

ஆரியசாலைக் கடைத்தெருவில் நல்ல உச்சிவெயில். வத்தல் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிக்கு எதிரே மாட்டுவண்டிகள் நின்றன. மிளகாய் நெடியில் தெருவே இருமிக்கொண்டிருந்தது. "ஆண்டவர் என்னை இங்க பேசச் சொன்னாரு" என்று மட்டும்தான் தாசையனால் சொல்ல முடிந்தது. இரண்டாவது அடி வாயில் விழுந்தது. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுவதை நாக்கு கண்டுபிடித்தது.

"ஒனக்குப் பிரசங்கம் பண்ண வேற எடமே கிட்டலியாடே?" என்றான் தாணு. "பாளையம் உண்டு, கரமனை உண்டு. நாணம் உண்டாடே ஒனக்கு? இந்தத் தெருவுல வந்து நிக்க?"

தாசையனும் ஆண்டவரிடம் இதைத்தான் கேட்டிருந்தான். ஜெயிலில் காய்ச்சலாகக் கிடந்த நாட்களில்தான் அந்த அழைப்பு வந்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆரியசாலைக்குப் போய்ச் சொல் என்ற நினைப்பு கல்லைப்போல நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவேயில்லை. விடுதலையான பிறகு சபையில் சொன்னபோது உபதேசியார் அருமைநாயகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். தாசையனுக்கும் அது சௌகரியமாக இருந்தது. சில மாதம் விழிஞ்ஞத்துக்குப் போய்வந்தான். கடற்கரையில் அவன் பேசுவதைக் கேட்ட மீன்காரர்கள், இயேசுவைத் தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்லி, மடி நிறையச் சாளைமீன் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆரியசாலையென்றால் மட்டும் ஏன் அவ்வளவு பயம் என்று புரிய, மூட்டை தூக்குகிற விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறைமூட்டையை எவ்வளவு பெரிய பலசாலியும் தானாகத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே இன்னொருவன் வேண்டும். "ஒரு கை குடு" என்றால் யாராக இருந்தாலும் வந்துவிடுவான். கூப்பிட்டவன் மூட்டையின் மேல்மூலையில் கொக்கியை மாட்டுவான். வந்தவன் குனிந்து, இரண்டு கைகளையும் அடிச்சாக்குக்குள் கொடுப்பான். ஒரே மூச்சில் முழங்காலுக்கு, அங்கிருந்து நெஞ்சுக்கு. பிறகு கூப்பிட்டவன் சட்டென்று உள்ளே திரும்பித் தலைச்சும்மாட்டில் வாங்கிக்கொள்வான். கை கொடுக்கிறவன் குனிந்திருக்கிற அந்த நேரத்தில் அவன் கைகள் மூட்டைக்கு அடியில் இருக்கும், முகம் சாக்கில் அழுந்தியிருக்கும், பிடரி திறந்து கிடக்கும். எதிரே நிற்பவன் கையில் கூர்மையான இரும்பு இருக்கும். அதனால் இந்தத் தெருவில் எத்தனை வெட்டுக்குத்து நடந்தாலும் கை கொடுக்கக் குனிந்தவனைத் தொடக்கூடாது. யாரும் எழுதிவைக்காத சட்டம். அதை மீறியவன் ஒருவன்தான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான வருஷம் அது. அரிசிக் கிட்டங்கியில் மூட்டை இறக்குவது எந்தக் கூட்டம் என்று சண்டை. எதிர்க்கூட்டத்துப் பிச்சையாவை அடித்து ஜெயிக்க ஒருத்தராலும் முடியவில்லை. ஒரு காலையில் தாசையன் அவனைப் பார்த்து, "பிச்சையா, ஒரு கை குடுடே" என்றான். பகையாளிதான், ஆனாலும் வந்து குனிந்தான். தாசையன் கொக்கியை மூட்டையில் மாட்டவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறக்கி, இழுத்தான்.

பிச்சையா சாகவில்லை. அவன் வலக்கைதான் செத்துப்போயிற்று. விரல்கள் மடங்காது. இப்போது வத்தல் கிட்டங்கிக்குக் காவல் இருக்கிறான்.

தாசையனின் பெண்டாட்டி எலிசாள் அதே கிட்டங்கியில் வத்தல் காம்பு கிள்ளுகிறாள். தாசையன் ஜெயிலில் இருந்தபோது அவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவன் பிச்சையாதான். ஏனென்று அவன் சொல்லவில்லை; அவளும் கேட்கவில்லை. இன்று காலையில், எரிகிற விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

"இன்னைக்கும் விழிஞ்ஞம்தானா?"

"அங்கயும் ஆத்துமா உண்டுல்லா."

"உண்டு. அதுக்கு அவருகிட்ட வேற ஆளும் உண்டு. ஆரியசாலைக்கு ஒங்கள விட்டா யாரு உண்டு? சாளை வாங்கவா அவரு ஒங்கள கூப்பிட்டாரு?"

தாசையன், "பயமாட்டு இருக்கு எலிசா" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் அவள் கேட்டிராத சொல்.

அவள் எண்ணெய்க் கையைத் துடைக்காமல் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மிளகாய் எரிச்சல் அவனுக்கும் ஏறியது. "பயந்துட்டே போங்க. பயம் போன பெறவு போலாம்னு இருந்தா கெழவனாட்டு வீட்டுல கெடப்பீங்க. கூப்பிட்டவரு கூட நிப்பாரு. நானும் கிட்டங்கி வாசல்லதான் இருப்பேன். ஓடி வரமாட்டேன். கண்ணையும் எடுக்கமாட்டேன்."

இப்போது அவள் வாசலில்தான் இருந்தாள், மடியில் முறத்தோடு. தாணு காலை வாரிவிட, தாசையன் விழுந்தான். கைகள் பின்னால் கோத்திருந்ததால் முகம் முதலில் தரையில் மோதியது. விலாவில் உதை விழுந்தது. அடுத்த உதையில் உள்ளே ஏதோ சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் அவனுக்கே கேட்டது. விலா எலும்பு ஒடிந்தால் மூச்சை முழுதாக இழுக்கக்கூடாது, மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். பிறருக்கு ஒடித்துப் பார்த்துக் கற்ற பாடம். ஒரு காலை மடக்கி, மறுகாலை ஊன்றி, கைகளை விடாமலே எழுந்து அதே இடத்தில் நின்றான். மறுபடி விழுந்தான். மறுபடி எழுந்தான்.

தாணுவுக்கு மூச்சு வாங்கியது. "அடிச்சா திருப்பி அடியேண்டே, சவமே" என்றான், கெஞ்சுகிற குரலில். பிறகு கையை உதறினான். "எனக்கு மதியாச்சு, போதும். கிடந்து பிரசங்கி."

தெருவில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கிட்டங்கிக்குள்ளிருந்து பிச்சையா ஒரு வத்தல் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தான். இடக்கையில் கொக்கி, வலக்கை பக்கத்தில் தொங்கியது. தாசையனின் முன்னால் மூட்டையை நிமிர்த்தி வைத்தான்.

"ஒரு கை குடுடே," என்றான்.

குரலில் கோபமில்லை. வேறு எதுவும்கூட இல்லை. கொக்கியின் முனை புதிதாக அரம் போட்டு வெளுத்திருந்தது. மடங்காத கையை வைத்துக்கொண்டு மூட்டையைப் பிடிக்க அவனுக்குக் கொக்கி வேண்டும்தான். அது வேறு எங்கே மாட்டும் என்பதும் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

தாசையன் வாசலைப் பார்த்தான். எலிசாளின் முகம் வெளுத்துப்போயிருந்தது. முறம் சரிந்து வத்தல் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

சொல்ல வந்தது எதையும் அவன் இன்னும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த விரல்களைப் பிரித்தான், அவை மரத்துப்போயிருந்தன. குனிந்தபோது விலா கத்தியாக உள்ளே குத்தியது. கைகள் இரண்டையும் அடிச்சாக்குக்குள் கொடுத்தான். சணலின் சொரசொரப்பு கன்னத்தில் அழுந்தியது. வத்தல் நெடி கண்ணுக்குள் ஏற, எதிரே இருந்தவனின் கால்கள் கலங்கி மறைந்தன.

"பிடிச்சாச்சு," என்றான் தாசையன்.

மூட்டைக்கு அந்தப் பக்கத்தில் பிச்சையா மூச்சை இழுத்து நிறுத்துவது கேட்டது. வேர்வை ஓடிய பிடரியை வெயில் சுட்டது. பிறகு, அந்தச் சூட்டின் நடுவில், கொக்கியின் பருமனில், ஒரு விரல் அகலத்துக்கு நிழல் விழுந்து குளிர்ந்தது. தாசையன் கைகளை இன்னும் கொஞ்சம் ஆழமாக உள்ளே கொடுத்தான்.