மாவு மில் வீட்டைப் பற்றிய கோள்

செயற்கைக்கோள்கள் ஓய்வு பெற்றபின் கோள் சொல்லும். பெயரிலேயே இருக்கிறது. சேனல்களைச் சுமக்கும் வரை அவற்றுக்கு நேரம் கிடைப்பதில்லை. சுமையை இறக்கிவைத்த பிறகு அந்த உயரத்தில் சும்மா உட்கார்ந்துகொண்டு வேறென்ன செய்யும்? கீழே யார் யாரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுவைத்து, கேட்பவர்களுக்குச் சொல்லும். வயதாகிவிட்டதால் குரல் சன்னமாக இருக்கும். மொட்டைமாடியில் மாட்டுகிற சின்ன டிஷ்ஷில் சீரியல் வரும், கோள் விழாது. அதற்குப் பன்னிரண்டடி டிஷ் வேண்டும், நாங்கள் குடை என்போம். மோட்டாரில் கிழக்கிலிருந்து மேற்குவரை திரும்புகிற குடையாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஓய்வு பெற்றவை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று சொல்லாமல் விட்டதை இன்னொன்று சொல்லும்.

எங்கள் பக்கத்தில் அதைக் கேட்காமல் யாரும் தட்டு மாற்றுவதில்லை.

நான் உடுமலைப்பேட்டையில் மாவு மில் வைத்திருக்கிறேன். என் மகள் பிருந்தாவைப் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். மூன்று வீட்டாரும் கேசரி நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். ஊருக்குப் போனது மட்டும் உண்மை. நான்காவதாக வந்தது தாராபுரத்து இடம். பையன் பெயர் மகேந்திரன், மாட்டுத்தீவனக் கடை. பிருந்தா காப்பி கொண்டுபோனபோது, "மில்லு பெல்ட் சத்தத்துல உங்களுக்குத் தூக்கம் வருமுங்களா?" என்று கேட்டான். அவள் பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறாள். நாங்கள் ஒருநாளும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

அவர்கள் போனபிறகு பிருந்தா தன் அம்மாவிடம் நேராகவே சொன்னாள். "எனக்கு இவரைப் புடிச்சிருக்குதும்மா. இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமேல் கேசரி கிண்டாதீங்க."

என் மனைவி ரங்கநாயகி என்னைப் பார்த்தாள். "யாரோ நம்மளப் பத்திக் கோள் சொல்றாங்க. யாருன்னு தெரியோணும். தாராபுரத்துக்காரங்க இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை அவங்க குடையத் திருப்பிக் கேக்கப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி நாம கேட்டாகோணும்."

எனக்கு அது விளங்கவே இல்லை. ஒருவர் வாயில் விழாமல் வாழ்வது என்று நான் வைராக்கியமாக இருப்பவன். மிளகாய் அரைத்த கையோடு கல்லைத் துடைக்காமல் கோதுமை போடமாட்டேன். கோயில் வரியை முதல் ஆளாகக் கொடுத்துவிட்டு, பெயர் பலகையில் போட வேண்டாம் என்பேன். இப்படிப்பட்டவனைப் பற்றி யார் என்ன சொல்லிவிட முடியும்?

ரங்கநாயகியின் தம்பி கண்டவேலின் தோட்டத்தில் ஒரு பழைய குடை கிடந்தது. அந்தக் காலத்தில் கேபிள் நடத்தியவரிடமிருந்து வாங்கியது. கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அவரைக்கொடியை ஏற்றிவிட்டிருந்தார். கம்பிவலை தெரியாத அளவுக்குக் காய்த்திருந்தது. "காய் முடியட்டுமுங்க மாமா," என்றார். பிருந்தாவின் விஷயத்தைச் சொன்னதும் அரிவாளை எடுத்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அவரைக்காய்ப் பொரியல்தான்.

குடையை எட்டு இதழாகக் கழற்றி மில் வண்டியில் ஏற்றிவந்தோம். போல்டுகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று உறவாகிவிட்டிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துப் பிரித்தோம். வளைந்த சட்டங்களைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினோம். வலை கிழிந்த இடங்களில் கோழிக்கூண்டுக் கம்பியை வைத்துத் தைத்தேன். வண்ணம் அடிக்கும்போது என்ன நிறம் என்று ரங்கநாயகி கேட்டாள். யார் கண்ணையும் உறுத்தாத நிறம் என்றேன். சாம்பல் அடித்தோம்.

பின்கட்டில் கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே குழி தோண்டி, இரும்புக் குழாயை நட்டு சிமென்ட் போட்டோம். கம்பம் நூலளவு சாய்ந்தாலும் அடுத்தவர் கோள் நம் வீட்டுக்கு வந்துவிடும் என்பதால் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து நிறுத்தினேன். சிமென்ட் காய்வதற்குள் கண்டவேல் அதில் சாய்ந்துகொண்டு போன் பேசிவிட்டார்.

மோட்டார் தண்டுக்குள் பழைய கிரீஸ் கல்லாகியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு மில் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸை வைத்தேன். பொத்தானை அழுத்தியதும் கிழக்கே திரும்பியது. மேற்குப் பொத்தானுக்கு அசையவில்லை. வயரை மாற்றினோம், பியூஸைப் பார்த்தோம். பிருந்தாதான் காலண்டரைப் பார்த்து, "இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்கப்பா. மேக்கே சூலம்," என்றாள். பரிகாரம் வெல்லம். பல்சக்கரத்தில் கொஞ்சம் தடவியதும் மேற்கே போனது. எறும்பைத் துடைக்கத்தான் நேரமாயிற்று.

கோள் டி.வி.யில் வரும். படம் இருக்காது, புள்ளிகள் மட்டும். வெற்றிலை அதக்கிய வாயிலிருந்து வருவதுபோல் ஒரு குரல். முதலில் விழுந்தது யாரோ ஒரு பொள்ளாச்சிக்காரர் தன் சம்பந்தியின் ஊறுகாய் ஜாடியை என்ன செய்தார் என்பது. கம்பம் சாய்ந்ததால் வந்தது. எங்களுடையது அல்ல என்று தெரிந்தும் கடைசிவரை கேட்டோம். ரங்கநாயகி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள். பிறகு கம்பத்தின் தலையில் தகடு செருகி நேராக்கினோம்.

எங்கள் தெரு விழுந்தது. "நான் சொன்னதா யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்று தொடங்கி, அந்தச் செயற்கைக்கோள் தெருமுனையிலிருந்து வீடு வீடாக வந்தது. தையற்கடைக்காரர் வீட்டைப் பற்றி நிறையச் சொன்னது. அடுத்தது எங்கள் வீடு. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அதுவும் ஒரு மூச்சு விட்டது. பிறகு எங்களுக்கு அந்தப் பக்கத்து டீச்சர் வீட்டைப் பற்றித் தொடங்கியது.

குடையை அடுத்ததற்குத் திருப்பினோம். அதுவும் தையற்கடை, ஒரு மூச்சு, டீச்சர். மேற்குக் கடைசிவரை போய்ப் பார்த்தோம். எங்களைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. "பாத்தியா? ஒரு வார்த்தை வரலே," என்றேன்.

ரங்கநாயகி தரகர் நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டாள். அவர் ரொம்ப நாளாக இதைச் சொல்லக் காத்திருந்தவர்போலப் பேசினார். "அதேதானுங்க காரணம். மூணு எடத்துலயும் அதைத்தான் சொன்னாங்க. கோளே இல்லாத வூட்ல எப்படிங்க பொண்ணெடுக்கறது? நல்லதோ கெட்டதோ நாலு பேரு பேசியிருக்கோணும். இல்லைன்னா அங்க ஆள் இருக்குதா இல்லையான்னே சந்தேகம் வந்துருமுங்க. தாராபுரத்துலயும் அடுத்த வார ஞாயித்துக்கெழமைக்குன்னு வெல்லம் வாங்கி வெச்சுட்டாங்க. பாத்துக்குங்க."

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்களுக்கு ஊர் வாயைத் திறக்கும் வேலை வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை நானும் ரங்கநாயகியும் பின்கட்டில் நின்று சண்டை போட்டோம். பழக்கமில்லாததால் நன்றாக வரவில்லை. சட்னியில் உப்பு அதிகம் என்று கத்தினேன். "இனிமே கம்மியாப் போடறேனுங்க," என்று அவளும் கத்தினாள். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். சாயங்காலம் குடையைத் திருப்பினால், டீச்சர் வீட்டில் உப்புக்காகச் சண்டையாம். எங்கள் வீட்டிலிருந்து சத்தம் வந்ததென்று யாராலும் நம்ப முடியவில்லை. மறுநாள் மில்லை மூடிவிட்டு, பட்டப்பகலில் குடித்தவனைப்போலத் தள்ளாடிக்கொண்டு கடைவீதியில் நடந்தேன். இரண்டு பேர் ஓடிவந்து மயக்கமா என்று கேட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, யார் என்று கேட்காமலே ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

புதன்கிழமை ரங்கநாயகி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். "நாம தப்பு ஒண்ணும் பண்ணலைன்னு நீங்க பெருமைப்படறீங்க. நம்மள ஒருத்தரும் நெனைக்கவே இல்லீங்க. இத்தனை வருசமா ஒரு நா, ஒரு பொழுது, 'அந்த ரங்கநாயகி இருக்காளே'ன்னு ஒரு பொம்பளை சொன்னதில்லை."

என்னுடைய வைராக்கியம்தான் அவளையும் பிருந்தாவையும் சேர்த்து அழித்துவைத்திருக்கிறது என்று தோன்றியது. குடையின் அடியில் நின்றுகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை பிருந்தா குளித்துவிட்டு, கண்டவேலை வரச்சொல்லி, குடைக்கு ஏணியைச் சாத்தினாள். வியாழனன்று தெற்கே மட்டும்தான் சூலம், கிழக்கு மேற்குக்குத் தடையில்லை. குடையின் நடுவில் மூன்று கால்களில் ஓர் உருளை நிற்கும். அதைக் கண் என்போம், ஆனால் அதன் வேலை கேட்பது. கேட்கிற ஒன்றிடம் சொல்லவும் செய்யலாம் என்பது எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"சட்டத்து மேல கால் வெச்சு நட கண்ணு. வலை இப்பத்தான் தெச்சது," என்றேன்.

அவள் நடுவே போய்க் கண்ணுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். "நான் சொன்னதா யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. உடுமலை மாவு மில்லுக்காரர் புள்ளை, தாராபுரத்துத் தீவனக்கடைப் பையனை நம்பி ஓடிப்போயிருச்சாமா." பிறகு மாமனுக்குக் கை காட்டினாள். கண்டவேல் மோட்டாரை அடுத்ததற்கு நகர்த்தினார். அவளோடு சேர்ந்து குடை மேற்கே சாய்ந்தது. அங்கும் சொன்னாள். கடைசிச் செயற்கைக்கோள் வரை சொல்லிவிட்டு இறங்கிவந்து எல்லோருக்கும் டீ போட்டாள்.

டீ ஆறுவதற்குள் டி.வி.யில் வந்துவிட்டது. கோள் என்றால் கண், காது, மூக்கு வைத்துத்தான் சொல்வார்கள். கிழக்கே இருந்தது கண் வைத்தது. அடுத்தது காது வைத்தது. அதற்கடுத்தது மூக்கு வைத்து, அதில் ஒரு கல் மூக்குத்தியும் வைத்தது. எங்கள் பிருந்தா மூக்குக் குத்தியவள் அல்ல. மேற்குக் கடைசிக்கு வரும்போது கை கால் முளைத்து, ஊதா நிறப் பையோடு பஸ் ஏறி, தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தீவனக்கடைக்கு வழி கேட்டுவிட்டாள்.

மகேந்திரனின் அப்பா போன் செய்தார். "புள்ளை வந்து சேந்துட்டுதுங்க. சாப்புட வெச்சிருக்கோம். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. வர்ற முகூர்த்தத்துலயே முடிச்சரலாமுங்களா?"

"முடிச்சரலாமுங்க," என்றேன். பிருந்தா எனக்கு எதிரே உட்கார்ந்து டீ டம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஊரே எங்களைப் பற்றிப் பேசியது. அரைக்க ஒன்றும் இல்லாதவர்கள்கூட மில்லுக்கு வந்து நின்றார்கள். டீச்சர் வீட்டம்மா, "அந்த ரங்கநாயகி எப்படித்தான் வளத்தாளோ," என்று சொன்னது மூன்று செயற்கைக்கோளில் வந்தது. ரங்கநாயகி அதை மூன்றிலும் கேட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

முகூர்த்தத்துக்குக் கண்டவேலின் வேனில் போனோம். பிருந்தா பச்சைப் புடவை கட்டிக்கொண்டு எங்களோடு வந்தாள். மண்டபத்து வாசலில் மகேந்திரனின் அம்மா அவளைப் பார்த்துவிட்டு யாரென்று கேட்டார். "எங்க சின்னவளுங்க," என்றாள் ரங்கநாயகி.

மணப்பெண் அறைக்குப் பிருந்தா மட்டும் போனாள். கொஞ்ச நேரம் கழித்து ரங்கநாயகியும் போனாள். அங்கே நடந்ததைத் திரும்பி வந்து என் காதில் சொன்னாள். மூக்குத்திப் பெண்ணுக்குக் கல்யாணத்தில் பெரிய நாட்டம் இல்லையாம். ஓடிவந்ததாகத்தான் அவளைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். தாலி கட்டிக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை. அதற்குமேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லையாம். பிருந்தா, "அப்ப நான் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். உடனே அந்தப் பெண் கூறைப்புடவையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாளாம்.

கூறைப்புடவையில் வந்து மணையில் உட்கார்ந்தவள் மூக்கில் ஒன்றுமில்லை. மகேந்திரன் அவள் பக்கம் குனிந்து மெதுவாக ஏதோ கேட்டான். அவள் சிரித்தாள். கெட்டிமேளம் கொட்டியபோது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பச்சைப் புடவை கட்டிய மூக்குத்திப் பெண் வந்து ரங்கநாயகியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அட்சதை போட்டாள்.

சாப்பிட்டு முடித்து மகளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். அந்தப் பெண்ணும் எங்களோடு வேனில் ஏறினாள். ரங்கநாயகி நகர்ந்து அவளுக்கு ஜன்னலோரம் இடம் விட்டாள். தாராபுரத்தைத் தாண்டியபிறகு அவள், "ஏனுங்கம்மா, என் பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

கோள் சொல்கிறவர்கள் இன்னார் வீட்டுப் பெண் என்பார்களே தவிர, பெயர் சொல்வதில்லை. பிருந்தா என்ற பெயர் தாராபுரத்தில் இருந்துவிட்டது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரங்கநாயகி, "யமுனா," என்றாள். இரண்டாவது தங்கியிருந்தால் வைப்பதாக இருந்த பெயர். அதை அவள் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, பந்தியில் வெட்கமாக இருந்ததால் சரியாகச் சாப்பிடவில்லை, பசிக்கிறது என்றாள். கண்டவேல் ரோட்டோரத்தில் ஓர் இட்லிக்கடை முன்னால் வேனை நிறுத்தினார். அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

"யமுனாவுக்கு இன்னும் ரெண்டு வைங்க," என்றாள் ரங்கநாயகி, கடைக்காரரிடம்.