நான்காவது பொத்தானில் மாதா

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாகவே என் அறைக் கதவைத் தட்டியது. 1995 ஆவணி மாதம், கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் தங்கியிருக்கும் அறைக்கு ஒரு காலை தாயும் மகளும் வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு அடுத்த எழுவைதீவில் கடற்றொழில் செய்த குடும்பம். இடம்பெயர்ந்து ஐந்து வருடமாகிறது. அடுத்த கிழமை நான் ஜேர்மனிக்குப் போகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தாய் அல்போன்சம்மா ஒரு லேஞ்சியை அவிழ்த்து, கொம்பியூட்டரில் போடும் பிளொப்பி ஒன்றை என் கையில் வைத்தார். செத்துப்போன தன் மகன் யாகப்பு வாசித்தது அதற்குள் இருக்கிறதாம். அங்கே இருக்கும் தன் அண்ணன் மகன் குருசுமுத்துவிடம் கொடுத்து, ஒரு கசற்றில் பதிந்து அனுப்பச் சொல்ல வேண்டுமாம்.

அரை மணித்தியாலம் கழித்து மகள் மேரிஜோசப்பின் தனியாகத் திரும்பி வந்தாள். குடையை விட்டுவிட்டுப் போனாளாம். என் அறையில் குடை எதுவும் இல்லை.

"அண்ணை, அதுக்குள்ள ஒண்டுமில்லை. எயாப்போட்டில துலைஞ்சு போச்செண்டு சொல்லிப்போடுங்கோ."

ஏன் என்று கேட்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நான் எழுதுகிறவன் என்பது அவளுக்குத் தெரியும். போகும்போது ஒரு நிபந்தனையும் வைத்தாள். "எழுதிறதெண்டால் எழுதுங்கோ. ஆனா அம்மாவில பிழையெண்டு எழுதாதேங்கோ."

மூன்று நாளாக எழுதுகிறேன். அந்த ஒரு நிபந்தனை என்னைப் படுத்தும் பாட்டுக்கு அவள்மீது எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

2

முதல் தொடக்கம்: எழுவைதீவின் கரையில் அலைகள் அன்று ஏனோ—

வேண்டாம். கடலில் தொடங்கினால் நீங்கள் இப்போதே கண்ணைத் துடைக்க லேஞ்சியைத் தேடுவீர்கள். அந்தச் சுகத்தை உங்களுக்குத் தருவதற்கு எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது தொடக்கம்: யாகப்பு தங்கமான பிள்ளை. தமக்கை சொல்லை ஒரு நாளும்—

பொய். யாகப்பு பெரிய சோம்பேறி. தமக்கையின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப்போய், காற்றுப்போன சில்லோடு கோயில் மதிலில் சாத்திவிட்டு வருகிறவன். செத்தவர்களை நல்லவர்களாக்கும் வேலையை எழுத்தாளர்கள் நிறுத்த வேண்டும்.

மூன்றாவது தொடக்கம் பொத்தான்களில். அதிலேயே போகிறேன்.

3

1988இல் கலியாணம் கட்ட ஊருக்கு வந்த குருசுமுத்து ஒரு கீபோட்டையும் பழைய கொம்பியூட்டர் ஒன்றையும் கொண்டுவந்து கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டும் கோயில் ஜெனரேற்றரில் ஓடின.

[இதைப் படித்த நண்பர் ஒருவர், அந்தக் காலத்தில் எழுவைதீவில் கொம்பியூட்டரா, யார் நம்புவார்கள் என்று கேட்டார். தீவில் இருக்கிறவனுக்குக் கிழிந்த வலையும் கண்ணீரும் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?]

கீபோட், பாடகர் குழு நிற்கும் இடத்தில், பெரிய தூண் ஒன்றின் பின்னால் இருந்தது. உப்புக்காற்றுப் படக்கூடாதென்று கொம்பியூட்டரைச் சுவாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குள் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே மிடி என்று ஒரு வயர். அந்தக் கொம்பியூட்டர் சத்தத்தைப் பதியாது. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி அமுக்கினார்கள் என்பதைத்தான் பதியும். திருப்பிப் போட்டால் யாரும் தொடாமலே கீபோட் அப்படியே ஒலிக்கும். சுருக்கமாகச் சொன்னால் அது விரல்களைப் பதிந்து வைக்கிற சாமான்.

பாடகர் குழுவுக்குக் கீபோட் வாசித்த மேரிஜோசப்பினுக்கு அதில் இரண்டு கரைச்சல். திரையில் வருவதெல்லாம் ஜேர்மன் மொழி. அத்தோடு பதியவும் நிறுத்தவும் ஒவ்வொரு முறையும் எழுந்து அறைக்கு ஓட வேண்டும். குருசுமுத்துவுக்கு எழுதினாள். அவன் ஆறு பக்கத்தில் பதில் போட்டான். கீபோட்டில் சும்மா கிடக்கும் பொத்தான்களுக்கு எந்தெந்த வேலை என்று கொம்பியூட்டருக்குப் பழக்கிவிடலாமாம். திரையில் வேலையைத் தெரிவுசெய்துவிட்டு கீபோட்டில் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் அது பிடித்துக்கொள்ளும். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மாய்ந்து மாய்ந்து பழக்கினாள். முதலாவது பொத்தான் பதிய. இரண்டாவது திருப்பிப் போட. மூன்றாவது அழிக்க. நான்காவது பிளொப்பியில் சேமிக்க.

அடையாளத்துக்குப் பழைய செபப் படங்களை நகமளவு வெட்டிப் பொத்தான்களுக்கு மேலே ஒட்டினாள். உழைப்பாளி சூசையப்பர் பதிவுக்கு. காணாமல் போனதைத் தேடித் தரும் அந்தோனியார் திருப்பிப் போடுவதற்கு. வாளோடு நிற்கும் வானதூதர், மிக்கேல் சம்மனசு, அழிப்பதற்கு. எல்லாவற்றையும் காப்பாற்றுகிற மாதா கடைசியில், சேமிப்பதற்கு.

[எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கலாமே என்று கேட்டேன். "எழுத்தெண்டால் குனிஞ்சு பாக்கோணும் அண்ணை. அந்தோனியாரைத் தூரத்திலயே தெரியும்" என்றாள்.]

இன்னுமொன்று. அழிக்கும் பொத்தானை அமுக்கினால் திரையில் ஒரு கேள்வி வரும். உண்மையாகவே அழிக்கவா என்று. அதற்குப் பதில் சொல்ல அறைக்குத்தான் ஓட வேண்டும். பாடகர் குழு ஒரு நாளைக்கு இருபது தடவை பிழைவிடும். அலுத்துப்போய், கடிதத்தில் வழி கேட்டு, அந்தக் கேள்வியையே நிறுத்திவிட்டாள். அதன் பிறகு மிக்கேல் கேள்வி கேட்காமல் பிளொப்பியிலிருந்தே வெட்டினார்.

4

1989 தவக்காலத்தில் ஒரு வெள்ளி. பாடகர் குழு இன்னும் வரவில்லை. கடலில் தொழில் முடித்து வந்த யாகப்பு ஈரச் சாரத்தோடு கீபோட்டின் முன் குந்தி, தமக்கையைச் சீண்டுவதற்காக, யேசுவின் பாடுகளைப் பாடும் பசாம் மெட்டை இரண்டு விரலால் தட்டத் தொடங்கினான். அவனுக்குத் தெரியாமல் அவள் சூசையப்பரை அமுக்கினாள். மூன்றாம் அடியில் தடுமாறி, ஒரு கட்டையை இரண்டு தரம் தட்டினான். ஆனாலும் விடாமல் முடித்தான். அவன் எழுந்து போனதும் அவள் மாதாவை அமுக்கினாள். பிறகு கேலிசெய்வதற்கு உதவும் என்று நினைத்திருந்தாள்.

ஈஸ்டர் முடிந்த கிழமை அவனுடைய வள்ளம் மணல்திட்டில் ஏறிக் கிடந்தது. வலை பாதி இழுத்தபடி. பக்கப் பலகையில் ஏழு சூட்டு ஓட்டைகள். விசாரித்து எழுதிய தாளில் ஓட்டைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. "கடல் கொந்தளிப்பு" என்று இருந்தது. அன்று கடல் குளம் மாதிரிக் கிடந்ததென்று ஊரே சொன்னது. உடல் வரவில்லை. அந்தத் தாளை எழுதிய கையை இந்தக் கதைக்குள் இழுத்துவந்து நாலு கேள்வி கேட்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அவன் கதைக்குள்ளும் வாய் திறக்கவில்லை. கிழித்துப்போட்டேன்.

அடக்கம் செய்ய உடல் இல்லாததால் அல்போன்சம்மா முப்பத்தோராம் நாள் பூசையைப் பிடித்துக்கொண்டார். அன்று கோயிலில் பிள்ளையின் வாசிப்பு ஒலிக்க வேண்டும். அதுதான் தனக்கு அவனுடைய அடக்கம் என்றார்.

[பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். இரண்டாவது பிளொப்பி ஒன்று இருந்தது. ஊர்காவற்றுறைச் சோதனைச் சாவடியில் ஒருவன் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க அதை உடைத்துப் பிரித்தான். உள்ளே கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அவன் திருப்தியடைந்து துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தான்.]

5

பூசைக்கு முதல்நாள் அல்போன்சம்மா கோயிலைக் கூட்டித் துடைக்கப் போனார். கீபோட்டின் தூசியைத் தட்டியபோது படங்களைக் கண்டார். மாதா கடைசியில். அதுவும் சம்மனசுக்குப் பின்னால். எந்தக் கோயிலில், எந்த மன்றாட்டில் மாதாவுக்குக் கடைசி இடம்? மகன் கடலுக்குள் கிடக்கும்போது இப்படி ஒரு அவமரியாதையா? சோற்றுப்பசையோடு வந்து படங்களைக் கழற்றி ஒழுங்காக ஒட்டினார். மாதா, சூசையப்பர், அந்தோனியார், மிக்கேல்.

மேரிஜோசப்பின் துக்கத்தில் ஒரு மாதமாகக் கீபோட்டைத் தொடவில்லை. பூசையன்று சுவாமியார் தலையாட்டியதும் அந்தோனியாரைப் பார்த்து அமுக்கினாள். அந்தோனியார் இப்போது மூன்றாவது பொத்தானில், அழிக்கும் பொத்தானில் இருந்தார்.

சத்தம் வரவில்லை. அப்போதுதான் படங்களின் வரிசை அவள் கண்ணில் பட்டது. முன் வரிசையில் தாய் முழந்தாளில் இருந்து, கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தார். கோயில் முழுக்கக் காத்திருந்தது. மேரிஜோசப்பின் இரண்டு கையையும் கட்டைகளில் வைத்தாள். தம்பி வாசித்ததைத் தானே வாசித்தாள். அதே மெட்டு, இரண்டு விரலால். மூன்றாம் அடியில் தடுமாறி, அந்தக் கட்டையை இரண்டு தரம் தட்டினாள். தூண் மறைத்ததால் அவள் கைகளை யாரும் காணவில்லை. தாய் விக்கி விக்கி அழுதார்.

அடுத்த வருடத் திவசத்துக்கும் அப்படியே வாசித்தாள். பிறகு தீவைவிட்டு ஓடும் நாள் வந்தது. அல்போன்சம்மா நகைப்பெட்டியை விட்டுவிட்டு அந்தப் பிளொப்பியை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினார்.

என் அறையில் நின்றபோது மேரிஜோசப்பின் அழவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு பேசினாள். "இப்ப எனக்கு அவன் வாசிச்சது ஞாபகமில்லை அண்ணை. எவ்வளவு யோசிச்சாலும் நான் வாசிச்சதுதான் காதுக்க வருது. அவனை நானே அழிச்சுப்போட்டன். மிக்கேல் ஒருக்கா, நான் ரண்டு தரம்."

6

யாரில் பிழை? இந்தக் கேள்வியோடு மூன்று வரைவு எழுதினேன். முதலாவதில் தாய் மூடபக்தியுள்ளவர் ஆனார். இரண்டாவதில் மகள் அவசரக்காரி ஆனாள். மூன்றாவதில் குருசுமுத்து கேள்வியை நிறுத்தச் சொல்லிக் கொடுத்த குற்றவாளி. மூன்றையும் திரும்பப் படித்தபோதுதான் என் வண்டவாளம் எனக்குத் தெரிந்தது. ஒரு படத்தை மாற்றி ஒட்டியவரையும் ஒரு பொத்தானை அமுக்கியவளையும் மாறி மாறி விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பலகையில் ஏழு ஓட்டை போட்டவன் என் கதையில் ஒரு வரியோடு தப்பிப் போய்விட்டான். எனக்கு என்மீதே கோபம் வருகிறது. அவளுடைய நிபந்தனையை இப்போது நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

7

இனி முடிவு. மூன்று இருக்கின்றன.

ஒன்று, அவள் சொன்னபடி பிளொப்பி விமான நிலையத்தில் தொலைகிறது. அல்போன்சம்மா மகனை இரண்டாம் தரம் பறிகொடுக்கிறார். இம்முறை என்னால்.

இரண்டு, எங்கேயாவது ஒரு கீபோட்டை இரவல் வாங்கி, மேரிஜோசப்பினை வாசிக்கவைத்து, கசற்றில் பதிந்து, ஜேர்மனியிலிருந்து வந்ததென்று கொடுப்பது. இதை அவளிடம் கேட்டேன். "இன்னொருக்கா ஏலாது" என்றாள்.

மூன்று, உண்மையைச் சொல்வது. நான் இரண்டாவதை வற்புறுத்தலாம் என்றுதான் இருந்தேன். நேற்றுப் பின்னேரம்வரை.

நேற்றுப் பின்னேரம் அல்போன்சம்மா தனியாக வந்தார். பிளொப்பியைப் பத்திரமாக வைத்திருக்கிறேனா என்று பார்த்தார். குருசுமுத்துவிடம் சொல்ல இன்னொரு விஷயம் இருக்கிறதென்று கதிரை நுனியில் இருந்தார்.

"பூசையில கேட்டது சரியில்லைத் தம்பி. அது என்ர பிள்ளையின்ர கை இல்லை. அவன் இப்பிடி மெதுவாத் தொடமாட்டான், கட்டையைக் குத்துவான். அண்டைக்கு ஜெனரேற்றர் பிழை போல. பிள்ளை பாவம், அவளுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. இதுக்குள்ள சரியான வாசிப்பு இருக்கும். அதைத்தான் எடுக்கச் சொல்லோணும்."

நான் தலையாட்டினேன். அவர் போனபின் தலையாட்டிய என்னை நானே வாயில் வந்தபடி திட்டினேன்.

ஆக இரண்டாவது முடிவும் உதவாது. போலி வாசிப்பைத் தாயின் காது அன்றைக்கே பிடித்துவிட்டது. சரியான வாசிப்புக்காக ஆறு வருடமாகக் காத்திருக்கிறார். வியாழக்கிழமை என் பயணம். இந்தக் கதையை முடித்துத் தரச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போவது உங்களுக்குச் சுலபம். போகாதீர்கள். அவர்கள் இருப்பது இங்கே கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், மாடியில் இரண்டாவது கதவு. மகள் வேலைக்குப் போனால் பின்னேரம் நாலு மணிவரை தாய் தனியாகத்தான் இருப்பார். எனக்குத் துணிவில்லை. நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.