தங்கச்சி என்று ஒரு ஃபோல்டர்

ரிப்பேர் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கியபோதுகூடத் தங்கை அசரவில்லை. "லேப்டாப் போனாப் போகட்டும். எங்கண்ணன் எல்லாத்தையும் ஹார்டு டிஸ்க்ல எடுத்து வெச்சிருக்கான்" என்றாள், பக்கத்தில் நின்றவனைப் பெருமையாகப் பார்த்து. அவன் பார்வையைக் கடைக்காரர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுக்க உட்கார்ந்தான். முதலில் அவன் வரைந்து கொடுக்கும் கட்டடப் பிளான்கள். பிறகு மனைவியின் ஆபீஸ் கணக்குகள், மகளின் போட்டோக்கள். கடைசியாகத் தங்கையின் பழைய லேப்டாப்பில் செருகியபோது இடம் போதாது என்று வந்தது. விவாகரத்தாகி வந்து பின்னறையில் இருப்பவள். அவளிடம் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது? 'தங்கச்சி' என்று ஒரு ஃபோல்டரை மட்டும் உண்டாக்கிவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வயரைப் பிடுங்கினான். "எடுத்தாச்சாண்ணா?" என்று அவள் கேட்டாள். "ஆச்சு, ஆச்சு" என்றான், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக.

கடையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். கண் தெரியாத கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறாளாம். சரித்திரம் முழுக்க முடிந்துவிட்டதாம். பரீட்சைக்கு முன்னால் அனுப்ப வேண்டுமாம். பின்னறையில் அவள் குரல் கேட்கும்போதெல்லாம், "பாவம், தனக்குத்தானே பேசிக்க ஆரம்பிச்சிட்டா" என்று மனைவியிடம் சொன்னது அவனுக்கு நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும், தானே பார்த்து எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பார்த்தான். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஃபோல்டரைத் திறந்தான். வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"காலியா இருக்கேண்ணா."

"டிஸ்க் கெட்டுப் போச்சு போல." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் மவுஸை வாங்கினாள். அண்ணியின் கணக்குகள் திறந்தன. மகளின் போட்டோக்கள் திறந்தன. அடுத்து 'சினிமா' என்றிருந்ததைத் திறந்தாள். அவன் எப்போதோ இறக்கி வைத்து, பார்க்கக்கூடச் செய்யாத படங்கள் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அதில் நாலைந்தை அழித்திருந்தால் போதும். அவள் மவுஸை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னறை வாசலில் போய் நின்றான். அவள் போனைப் புத்தகத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"டிஸ்க் கெடலை. நான்தான் உன்னோடத எடுக்கலை."

"தெரியுது."

"பாதியை நான் படிக்கட்டுமா?"

"வேணாம்ணா. அவங்களுக்கு என் குரல் பழகிடுச்சு." பக்கத்தைப் புரட்டியபடியே, "கதவைச் சாத்திட்டுப் போ. சத்தம் விழும்" என்றாள்.

சாத்தினான். கூடத்தில் ஓடிய டிவியை நிறுத்தினான். மின்விசிறியை நிறுத்தினான். ஏன் என்று கேட்க வந்த மகளிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். கதவுக்கு அப்பால் முதல் பாடம் முதல் வரியிலிருந்து தொடங்கியது. சமையலறைக் குழாய் சொட்டுவது அப்போதுதான் காதில் விழுந்தது. எவ்வளவு திருகியும் நிற்கவில்லை. உள்ளங்கையைக் குழித்துக் குழாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றான்.