வெட்டாத பக்கங்கள்

விடிந்ததும் அழகுராஜா எழுந்தான். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சினான். அடி பிடித்தது. மகள் இந்துப்ரியாவை எழுப்பிப் பல் துலக்கிவிட்டான். அவளுக்கு ஒரு தோசை, அவனுக்கு மூன்று. பிறகு மனைவி ஹம்சவேணி பாதியில் விட்டுப்போன நாவலை எடுத்து ஒரு பக்கம் சத்தமாக வாசித்தான். கப்பலூர் கம்பெனி பஸ் வருவதற்குள் தினமும் இவ்வளவும் முடிந்துவிடும்.

ஹம்சவேணி காய்ச்சலில் போய் எட்டு மாதம். படித்த இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்தாள். அதுவரைக்கும்தான் அவனும் வாசிப்பான். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடுவான். அதற்கப்பால், அச்சகத்தில் ஓரம் வெட்டாமல் விட்ட பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. அன்றைக்கு வேண்டியதை மட்டும் பிளேடால் வெட்டிப் படிப்பது அவள் வழக்கம். படித்ததைத் தன் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் மகளுக்குக் கதையாகச் சொல்வாள். அவனுக்கு அந்தப் பேச்சு ஏறவேயில்லை.

பி.காம் முடித்தபின் அவன் தொட்ட முதல் புத்தகம் அது. முதல் தடவை கதையை மட்டும் பார்த்தான். மூன்றாம் தடவையில்தான் கதையில் வருகிறவள் ஏன் வாய் திறக்காமல் இருக்கிறாள் என்று பிடிபட்டது. பக்கத்தில் படுத்திருந்தவளை அவன் ஒரு தடவைகூட அப்படிப் படித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆனையூரிலிருந்து அக்கா தமிழ்ச்செல்வி வந்திருந்தாள், பிள்ளையைக் கூட்டிப்போக.

"பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்குடா? பாலக்கூட ஒழுங்காக் காய்ச்சத் தெரியல."

பிள்ளையும் போய்விட்டால் அந்த வீட்டில் அவன் யாரிடம் வாசிப்பது?

உள்ளே இந்துப்ரியா பேசிக்கொண்டிருந்தாள். சௌராஷ்டிரம். கொஞ்சம் பேசுவாள், நிறுத்துவாள், எதிரில் யாரோ சொல்வதைக் கேட்பது போலத் தலையாட்டுவாள், மறுபடி பேசுவாள். அவள் எதிரில் சுவர்தான் இருந்தது.

மாடியில் குடியிருக்கும் நாகமணியம்மா, அவளும் ஹம்சவேணி போலச் சௌராஷ்டிரம் பேசுகிறவள்தான், காயப்போட்ட துணியை எடுக்க இறங்கியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கத சொல்லுது தம்பி. ஒரு பொம்பள கண்மாய்க் கரையில நடந்து போறா. பின்னாலயே வந்த நாய் மடைகிட்ட நின்னுருச்சாம். அதுக்கு மேல வரமாட்டேங்குதாம்."

அழகுராஜா தான் வாசித்ததை நினைத்துப் பார்த்தான். டிக்கெட் செருகிய பக்கம் வரைக்குமான கதையில் கண்மாய்க் கரை வந்தது. நாய் வரவில்லை.

பிளேடை எடுத்து வந்து, ஒட்டியிருந்த முதல் மடிப்பை வெட்டினான். அவசரத்தில் தாள் பிசிறு பிசிறாகக் கிழிந்தது. மூன்றாவது வரியில் நாய் இருந்தது. பக்கத்தின் கடைசியில் மடை இருந்தது.

"என்னடா?" என்றாள் அக்கா.

காட்டினான். அவள் வாசித்தாள். புத்தகத்தைச் சட்டென்று கீழே வைத்தாள்.

"நல்லாருக்குடா ஒன் வீடு! இனி ஒரு நிமிசம் பிள்ளைய இங்க விடமாட்டேன்." துணிகளைப் பையில் திணித்து, இந்துப்ரியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பிள்ளை அழவில்லை. அக்காவின் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்து ஏதோ கேட்டது. காத்திருந்தது. சிரித்தது.

நாகமணியம்மா மெல்லப் பின்வாங்கினாள்.

"என்ன கேட்டுச்சு?" என்றாள் அக்கா.

"நீயும் வாரியான்னு."

"அதுக்கு?"

"அத நான் எப்படிச் சொல்ல? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. பிள்ள இப்ப, சரி சரி, அத்த வீட்டுக்குப் போகலாம்னு சொல்லுது."

அக்கா வாசற்படியில் நின்றாள். பையை இறக்கினாள். பிறகு பிள்ளையையும் இறக்கினாள். இந்துப்ரியா ஓடிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"டே ராசா," அக்காவின் குரல் தணிந்திருந்தது. "அவ கடைசியா என்னமாச்சும் சொன்னாளா? பிள்ளையப் பத்தி? ஒன்னையப் பத்தி?"

இதை அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கட்டிலில் கிடந்தவள் அவன் கையைத் தள்ளிவிட்டது நினைவிருந்தது. அன்றைக்கு மத்தியானச் சோற்றுக்கு நேரமாகியிருந்தது. அவள் கடைசியாகச் சொன்னதை அக்காவிடம் அப்படியே சொன்னான்.

"நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க. நான் எங்க போகப்போறேன்?"